டி.மின். படிக்கலாமா, பிஎச்.டி. படிக்கலாமா?

இன்னொரு டீ சொல்லிக்கொள்ளுங்கள். இது சட்டென்று முடிகிற பேச்சு இல்லை. பெங்களூரு தண்டு (கன்டோன்மென்ட்) பக்கத்துத் தமிழ்ச் சபைகளில் ஊழியம் செய்யும் இளம் போதகர்கள் அடிக்கடி கேட்பது இது: "பி.டி. முடிச்சுப் பல வருஷம் ஆச்சு அண்ணா. டாக்டர் பட்டம் படிக்கணும். எதைப் படிக்கிறது?"

இறையியல் கல்லூரியில் பாடம் நடத்தப்போகிறவருக்கு வேண்டியது பிஎச்.டி. அல்லது டி.டிஎச். அதற்கு முன்னால் இறையியல் முதுகலையான எம்.டிஎச். முடித்திருக்க வேண்டும். அறிஞர்கள் இதுவரை சொல்லாத ஒன்றைச் சான்றோடு சொல்ல வேண்டும். டி.மின். வேறு வகை. 1970களில் அமெரிக்க இறையியல் கல்லூரிகளில் பரவிய ஊழிய முனைவர் பட்டம் அது. பி.டி. அல்லது எம்.டிவ். என்னும் இறையியல் பட்டமும் சில வருட ஊழிய அனுபவமும் பொதுவாகக் கேட்பார்கள். சபையை விட்டு விலக வேண்டியதில்லை. அவ்வப்போது ஓரிரு வாரம் வகுப்புக்குப் போய், மற்ற நாளெல்லாம் சபையிலேயே ஆய்வு. எது உயர்ந்தது என்று கேட்காதீர்கள். உங்கள் கேள்வி நூலகத்தில் பிறந்ததா, சபையில் பிறந்ததா என்று பாருங்கள்.

பட்டம் தருவது யார் என்பதையும் கேட்டே ஆக வேண்டும். 1910-இல் தொடங்கிய, மில்லர்ஸ் சாலையிலுள்ள ஐக்கிய இறையியல் கல்லூரி, யு.டி.சி., தன் பெயரில் பட்டம் தருவதில்லை. அது இணைந்திருப்பது வங்காளத்தின் செராம்பூர் கல்லூரியோடு. வில்லியம் கேரியும் தோழர்களும் 1818-இல் தொடங்கிய கல்லூரி அது. செராம்பூர் அப்போது டென்மார்க் ராஜாவின் ஆட்சியில் இருந்தது, நம்முடைய தரங்கம்பாடியைப் போலவே. 1827-இல் ஆறாம் பிரடெரிக் மன்னர் கொடுத்த சாசனம்தான் அதற்குப் பட்டம் வழங்கும் உரிமையைத் தந்தது. 1845-இல் இரண்டு ஊர்களையும் ஆங்கிலேயருக்கு விற்றபோதும் அந்த உரிமை போகவில்லை. 1918-இல் வங்காளச் சட்டம் ஒன்று அதை உறுதிப்படுத்தியது. இன்று செராம்பூர் கல்லூரியின் செனட்டும் டி.மின். தருகிறது. கொத்தனூரின் சையாக்ஸ் போன்ற நிறுவனங்கள் ஆசிய இறையியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றவை. கத்தோலிக்கர் என்றால் தர்மாராம் வித்யா க்ஷேத்திரம் இருக்கிறது.

சங்கத்தின் அங்கீகாரம் வேறு, பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின்படி பட்டம் தரும் உரிமை வேறு. முன்னதைச் சபைகளும் இறையியல் கல்லூரிகளும் மதிக்கும். அதை மட்டும் காட்டி அரசுக் கல்லூரியில் வேலை கேட்க முடியாது. எதற்காகப் படிக்கிறோம் என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஒரு விழாவுக்குப் பணம் கட்டினால் மாலையில் டாக்டர் ஆக்குகிறோம் என்று அழைப்பவர்கள் பக்கமே போகாதீர்கள். மேடையில் நின்று உண்மை பேச வேண்டியவருடைய பெயருக்கு முன்னால் பொய் நிற்கக் கூடாது.

ஆய்வு எப்படி இருக்கும்? ஓர் உதாரணம். தண்டுத் தமிழ்ச் சபையில் பாட்டிக்குக் கீர்த்தனை மனப்பாடம். பேரப்பிள்ளைக்குத் தமிழ் பேச வரும், வேதாகமத்தை எழுத்துக்கூட்டி வாசிக்க வராது. பள்ளியில் படிப்பது ஆங்கிலமும் கன்னடமும். திடப்படுத்தல் வகுப்பில் அந்தப் பிள்ளை மௌனமாக உட்கார்ந்திருக்கிறது. போதகருக்கு இது வருடாவருடம் தெரிந்த வருத்தம்தான். டி.மின். அதை ஒரு கேள்வியாக்கச் சொல்கிறது: விசுவாசம் எந்த மொழியில் கைமாறுகிறது? எந்த வீடுகளில் குடும்ப ஜெபம் நடக்கிறது, எந்த மொழியில்? இதே சிக்கலைச் சந்தித்த மற்ற சபைகள் என்ன செய்தன? இதைப் பற்றி வேதமும் இறையியலும் என்ன சொல்கின்றன? பிறகு, பிள்ளைகளையும் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு இருமொழி வகுப்பு ஒன்றை அமைத்து, ஒரு வருடம் நடத்தி, நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டும். வகுப்பு தோற்றிருந்தால் அதையும் எழுத வேண்டும். காரணத்தைச் சரியாகக் கண்டு சொன்னால் அதுவும் நல்ல ஆய்வுதான்.

இதில் பெரிய சிக்கல் கேள்வி கேட்பவரே போதகர் என்பது. "வகுப்பு எப்படி இருக்கு?" என்று நீங்கள் கேட்டால், "ரொம்ப நல்லா இருக்கு ஐயா" என்றுதான் பதில் வரும். உங்கள் கையால் ஞானஸ்நானம் வாங்கியவர்கள் முகத்துக்கு நேரே வேறென்ன சொல்வார்கள்? ஆகவே பேட்டியை வெளியார் ஒருவர் எடுக்கட்டும். பெயர் எழுதாத தாள்களும் கொடுங்கள். மனப்பாரத்தோடு ஒருவர் உங்களிடம் தனியாகச் சொன்னதை ஒருபோதும் ஆய்வுக்குப் பயன்படுத்தாதீர்கள். பெயரை மாற்றினாலும் சின்னச் சபையில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொன்று, மாறுதல். சி.எஸ்.ஐ. போதகர் என்றால் சில வருடங்களில் வேறு சேகரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஆய்வு நடுவழியில் நின்றுபோகும். சேர்வதற்கு முன்பே திருமண்டலத்தில் பேசி, முடியும்வரை அதே சேகரத்தில் இருக்க எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சேகரக் கமிட்டிக்கும் விளக்கமாகச் சொல்லுங்கள், அவர்கள் நேரத்தையும் சேர்த்துத்தானே கேட்கிறீர்கள்.

ஆய்வேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். அதன் சாரத்தை நாலைந்து பக்கத் தமிழில் எழுதி, கல்லூரியில் கொடுப்பதற்கு முன்பே சபையில் வாசியுங்கள். அந்தப் பாட்டி, "எங்க வீட்டைப் பத்தி எழுதினது சரியில்லை ஐயா" என்று சொன்னால், உட்கார்ந்து திருத்துங்கள்.