உஷார்! கேர்னலுக்குள் கை வைக்கும் பிள்ளைகளே

2024 ஜூலை 19, இலங்கை நேரம் காலை 9.39. க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. அந்தக் கோப்பு 21ஆவது விவரத்தைக் கேட்டது. கேர்னலுக்குள் ஓடிய அந்நிறுவனத்தின் டிரைவரிடம் இருந்தவை 20 மட்டுமே. எல்லையைச் சோதிக்க ஒரு வரி இல்லை. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றும் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

கோணேசபுரி வளாகத்திலும் சீனக்குடாப் பக்கத்து வீடுகளிலும் கணினி படிக்கும் பிள்ளைகளே, துறைமுக நீர்மட்டம் அளக்கும் சென்சருக்கு லினக்ஸ் டிரைவர் எழுத ஆசையா? எழுதுங்கள். ஆனால் சாதாரண நிரலில் பிழை விட்டால் அது மட்டும் நிற்கும். டிரைவரில் பிழை விட்டால் முழுக் கணினியும் விழக்கூடும்.

வகுப்பில் ‘கோட்டூ’ ஆகாது என்று படித்திருப்பீர்கள். கேர்னலில் அந்தப் பாடமே உங்களைக் கவிழ்க்கும்! டிரைவர் முதலில் நினைவகம் வாங்கும், பிறகு இன்டரப்டைப் பதியும், அதன்பின் சாதனத்தைப் பதிவு செய்யும். மூன்றாவது தோற்றால், கடைசியாகப் பிடித்ததை முதலில் விட்டு, ஒவ்வொன்றாகப் பின்வாங்க வேண்டும். ‘இஃப்’புக்குள் ‘இஃப்’பாக அடுக்கினால் ஏதோ ஒரு கிளையில் விடுவிப்பது தவறிப்போகும். நினைவகம் போய் இன்டரப்ட் மட்டும் பதிவில் நின்றால், அடுத்த முறை சென்சர் கூப்பிடும்போது கேர்னல் தனக்குச் சொந்தமில்லாத இடத்தைத் தொடும். அதனால்தான் ஃபங்ஷனின் அடியில் லேபிள் வைத்து, ‘கோட்டூ’ போட்டு அங்கே போய் விடுவிக்கச் சொல்கின்றன லினக்ஸ் நடைவிதிகள். லேபிளுக்கு ‘எர்1’, ‘எர்2’ என்று பெயர் வைக்காதீர்கள். எதை விடுவிக்கிறது என்பது பெயரிலேயே தெரியட்டும்.

அதே நடைவிதிகளில் டேப் ஏன் எட்டு எழுத்து அகலம் என்று சலித்துக்கொள்ளவும் வேண்டாம். மூன்று மட்டத்துக்கு மேல் உள்ளே போனால் வரி வலப்பக்கம் ஓடி உங்களை எச்சரிக்கும். உடனே உடைத்து எழுதுங்கள்.

பயனர் நிரல் தரும் சுட்டியை நேரடியாகத் தொடாதீர்கள்; ‘காப்பி_ஃப்ரம்_யூசர்’ வழியாகவே எடுங்கள், நீளத்தைச் சோதித்த பிறகு. ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு, தூங்கக்கூடிய எந்த ஃபங்ஷனையும் அழைக்காதீர்கள்.

‘செக்பேட்ச்’ ஸ்கிரிப்ட் நடைப் பிழைகளைக் காட்டும். விடுவிக்க மறந்ததைக் காட்டும் என்று நம்பியிருக்காதீர்கள். புது டிரைவரை உங்கள் மடிக்கணினியில் ஏற்றவே ஏற்றாதீர்கள். மெய்நிகர் கணினியில் ஏற்றி, பதிவுப் படியை வேண்டுமென்றே தோற்கடித்து, பிடித்ததெல்லாம் விடுவிக்கப்படுகிறதா என்று முதலில் பாருங்கள்.