புதுப்பிக்கும் சாவி யாரிடம்?

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்த அன்றே இலங்கை அரசு முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. கொழும்பில் இருக்கும் பிள்ளைகளின் சுகம் அறியவும், ரொறன்ரோவிலும் லண்டனிலும் பதறிய உறவுகளுக்குப் பதில் சொல்லவும் யாழ்ப்பாணத்து வீடுகளுக்குப் பழகிய வழி அடைபட்டது. முந்திய ஆண்டு மார்ச்சிலும் இப்படித்தான். 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் இதேதான். அப்போதெல்லாம் மக்கள் தேடியது, தடையைத் தாண்ட உதவும் வி.பி.என். செயலிகளை.

அவ்வகையில் ஒன்றான சைஃபன், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லாப் ஆய்வகத்தில் 2006இல் பிறந்தது. பிளே ஸ்ரோரில் எடுத்தால் ஸ்ரோரே அதைப் புதுப்பிக்கும். இன்னொருவரிடம் ஏபிகே எனும் அன்ட்ரொய்ட் நிறுவல் கோப்பாக வாங்கிப் போட்டாலும் குறைவில்லை. புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று செயலியே பார்த்து, அதன் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்து இறக்கிக்கொள்ளும். தடை போடுபவர்கள் வழிகளை அடைக்க அடைக்கப் பழைய பதிப்பு பயனற்றுப்போகும் என்பதால், இந்த ஏற்பாடுதான் அதன் உயிர்நாடி.

போனிலிருந்து போனுக்கு ஷேர்இட்டில் செயலி மாற்றுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் எல்லாச் செயலியும் சைஃபன் ஆகாது. நிறுவிய செயலியின் கையொப்பமும் புதிய பதிப்பின் கையொப்பமும் ஒன்றாக இல்லாவிட்டால் அன்ட்ரொய்ட் அதை ஏற்காது. இடையில் புகும் திருடனை இது தடுக்கும். அனுப்புகிற இடத்திலேயே கோளாறு இருந்தால் தடுக்காது. ஏபிகேபியூர் என்ற மாற்றுக் கடையின் சொந்தச் செயலியிலேயே, 3.17.18 பதிப்பில், தீநிரல் இருந்ததை 2021 ஏப்ரலில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் வெளிப்படுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில், எஃப்எம்வட்ஸ்அப் என்ற திருத்திய வட்ஸ்அப்பிலும் டிரையாடா என்ற தீநிரல் அகப்பட்டது. கூடுதல் வசதிக்கு ஆசைப்பட்டு இவற்றைப் போடுவது, வீட்டுச் சாவியை முகம் தெரியாதவரிடம் கொடுப்பதற்குச் சமம்.

இத்தகைய ஆபத்துகளைக் காரணம் காட்டி, தன்னிடம் அடையாளம் பதிந்த உருவாக்குநர்களின் செயலிகளை மட்டுமே பிளே ஸ்ரோருக்கு வெளியிலிருந்தும் நிறுவ முடியும் என்று கூகுள் 2025இல் அறிவித்தது. 2026 செப்டெம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் பரப்புவது திட்டம். எதிர்ப்பு எழுந்தபின், விவரமறிந்தவர்களுக்குத் தனிவழி உண்டு என்றது. மோசடி குறையலாம். ஆனாலும் அரசே பலமுறை வாயடைத்த ஒரு நாட்டில், செயலிகளின் வாசல் முழுவதும் ஒரே நிறுவனத்தின் கைக்குப் போவதை நான் ஏற்கவில்லை. எஃப்-டிராய்ட் போன்ற திறந்த களஞ்சியங்கள் தடையின்றி இயங்க வேண்டும்.

யாராவது உங்களுக்கு ஏபிகே அனுப்பினால், நிறுவுமுன் கேளுங்கள்: இதைச் செய்தது யார், அடுத்த பதிப்பு எங்கிருந்து வரும்? பதில் கிடைக்காவிட்டால் அழித்துவிடுங்கள்.