ஆப்பிள் நத்தையின் மூடி

பசுமலையைச் சூழ்ந்த மதுரைச் சமவெளியின் கண்மாய்களிலும் வயல்களிலும் வாழும் இந்த நன்னீர் நத்தை, 1822இல் லாமார்க் விவரித்த ‘பைலா விரென்ஸ்’ இனமாகும். ஆபத்தை உணர்ந்து உடல் ஓட்டுக்குள் ஒடுங்கும்போது, பாதத்தின் பின்பகுதியில் ஒட்டியுள்ள சுண்ணாம்பு மூடி ஓட்டின் வாயை இறுக அடைக்கிறது. கோடையில் கண்மாய் வற்றி நத்தை சேற்றுக்குள் உறங்கும் காலத்தில் ஈரத்தைக் காப்பதும் இம்மூடியே. நசுங்கிய நத்தையின் உடற்சாறு நீரில் கரைந்து பரவும்போது, அதை வேதிக் குறிப்பாக, அதாவது எதிரியின் வரவை அறிவிக்கும் எச்சரிக்கையாக உணர்ந்து, சேற்றில் புதைந்தோ நீர்மட்டத்துக்கு மேல் ஏறியோ தப்பும் வியத்தகு திறன் நன்னீர் நத்தைகள் பலவற்றுக்கு உண்டு. ஆயினும் நத்தைகுத்தி நாரை, அலகு நுனியை மூடிக்கடியில் செலுத்தித் தசையை அறுத்து, பெரும்பாலும் ஓட்டை உடைக்காமலே சதையை எடுத்துவிடுகிறது.