தீயை அணைக்கிறவரும் 'ஃபயர்மேன்', மூட்டுறவரும் 'ஃபயர்மேன்'! குழப்பும் ஆங்கில வார்த்தை

தாம்பரம்:

வேலைவாய்ப்பு விளம்பரத்தில் 'ஃபயர்மேன் தேவை' என்று பார்த்ததும் பலரும் தீயணைப்பு வேலை என்றே நினைக்கிறார்கள். ஆனால் தொழிற்சாலை விளம்பரமாக இருந்தால் வேலை நேர் எதிராகவும் இருக்கலாம். அங்கே தீயை அணைக்கக் கூடாது. அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்!

ஸ்டோக், ஸ்டோக்கர்

உலைக்குக் கரி போட்டு, கிளறி விட்டு, தீயை ஒரே சீராக வைத்திருப்பதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்டோக்' என்று பெயர். அதைச் செய்பவர் 'ஸ்டோக்கர்'. டச்சு மொழியில் இருந்து ஆங்கிலத்துக்குப் போன வார்த்தை இது. கப்பல்களில் ஸ்டோக்கர் என்றே கூப்பிட்டார்கள். நம்ம ஊர் ரெயில்வேயில் அதே வேலைக்கு 'ஃபயர்மேன்' என்று பெயர்.

ஆங்கிலப் பத்திரிகைகளில் 'கலவரத்தை ஸ்டோக் செய்தார்' என்று வந்தால், எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார் என்று அர்த்தம்.

கரி வண்டி காலம்

1931-ம் ஆண்டு சென்னை கடற்கரை - தாம்பரம் மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. ஆனால் தாம்பரத்தைத் தாண்டி மின்கம்பி கிடையாது. செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கம் போக கரி என்ஜின்தான். 1960-களில்தான் விழுப்புரம் வரை மின்பாதை போனது.

என்ஜினில் டிரைவருடன் முதல் ஃபயர்மேன், இரண்டாம் ஃபயர்மேன் இருப்பார்கள். கரியை அள்ளிக் கொட்டுவது மட்டும் வேலை இல்லை. மெல்லிசாக, பரவலாக வீச வேண்டும். ஒரே இடத்தில் குவித்தால் காற்று புகாது. கரும்புகை கக்கும், கரி வீணாகும், நீராவி இறங்கிவிடும். மேடு வந்தால் வண்டி நின்றுவிடும்.

ஃபயர்மேனாகச் சேர்ந்து, ஷன்டராகி, டிரைவர் ஆனவர்கள் ஏராளம். மணிக்கணக்கில் அனல் முன்னால் நின்றவர்கள் இவர்கள். வேலை நேரத்தை 10 மணி நேரமாகக் குறைக்கக் கேட்டு 1973-ம் ஆண்டு என்ஜின் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாட்டையே உலுக்கிய ரெயில்வே வேலைநிறுத்தம் அடுத்த ஆண்டு மே மாதம் நடந்தது.

அகல ரெயில் பாதையில் 1995-ம் ஆண்டோடு நீராவி என்ஜின் ஓய்வு பெற்றது. முன்பு ஃபயர்மேன் நின்ற இடத்தில் இன்று 'உதவி லோகோ பைலட்' உட்கார்ந்திருக்கிறார். நீராவி என்ஜினைப் பார்க்க ஆசை என்றால் மேட்டுப்பாளையம் - குன்னூர் மலை ரெயிலுக்குப் போகலாம்.

பாய்லர் வேலைக்குப் போறீங்களா?

ரெயிலில் போனாலும் தொழிற்சாலையில் இந்த வேலை போகவில்லை. சாயப்பட்டறை, ரைஸ் மில், பெரிய சலவைக்கூடம் என நீராவி தேவைப்படும் இடங்களில் பாய்லர் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவரைச் சட்டப்படி 'பாய்லர் அட்டெண்டன்ட்' என்கிறார்கள். பழக்கத்தில் இன்றும் சிலர் ஃபயர்மேன் என்பது உண்டு.

பெயரில் என்ன இருக்கு என்று விட்டுவிட முடியாது. 'கரி போடுற வேலைதானே' என்று அனுபவம் இல்லாத ஆளை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. பாய்லரில் தண்ணீர் மட்டம் குறைந்தால் உள்ளே இருக்கும் இரும்புத் தகடு அளவுக்கு மீறிச் சூடாகி பலம் இழக்கும். நீராவி அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய், அழுத்த மானி, சேஃப்டி வால்வு ஆகிய மூன்றிலும் கண் இருக்க வேண்டும்.

இதற்காகத்தான் 1923-ம் ஆண்டே பாய்லர் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2025-ல் புதிய சட்டம் வந்துள்ளது. பாய்லரை இயக்க, தேர்வு எழுதிப் பெற்ற தகுதிச் சான்றிதழ் வேண்டும். இதில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என இரண்டு உண்டு.

எனவே 'ஃபயர்மேன்' வேலை என்று யாராவது கூப்பிட்டால் முதலில் இரண்டு கேள்வி கேளுங்க. தீயை அணைக்கிற வேலையா, மூட்டுற வேலையா? மூட்டுற வேலை என்றால், பாய்லர் பொறுப்பில் இருக்கும் சான்றிதழ் வாங்கிய ஆள் யார்? பதில் சரியாக வராவிட்டால் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.