பேரேட்டில் ஏறிய பிறப்பு

திருமலைக்குப் படியேறும் பக்தர்கள் அலிபிரியில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் ஏற்றிவிட்டுத் திரும்பினால், ஊசிமணி பாசிமணி விற்கும் நரிக்குறவப் பெண்களைக் காணலாம். பேரம் பேசுவது தமிழிலும் தெலுங்கிலும். தங்களுக்குள் பேசிக் கொள்வதோ குஜராத்திக்கு உறவான வாக்ரி பாஷை.

ஐரோப்பாவில் ‘ஜிப்ஸி’ என்று பிறரால் அழைக்கப்பட்ட ரோமா, சிந்தி மக்களின் பேச்சும் இந்திய மொழிக் குடும்பம்தான். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்து போனவர்கள். தண்ணீரை இன்றும் ‘பானி’ என்கிறார்கள்.

அந்த மக்களுக்கு ஜெர்மனியில் நேர்ந்த கதி ஒரு ரிஜிஸ்தரில் ஆரம்பமாயிற்று. 1899-ல் மியூனிக் போலீசார் ஜிப்ஸிகளுக்கென்று தனிப் பிரிவு திறந்து, பெயர், போட்டோ, கைரேகை சேர்த்தனர். ஹிட்லர் ஆட்சியில், 1936 முதல், ராபர்ட் ரிட்டர் என்ற டாக்டர் குடும்பம் குடும்பமாக வம்சாவளி எழுதினார். 1942 டிசம்பரில் ஹிம்லரின் உத்தரவு பிறந்தபோது யார் எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஏறத்தாழ 23 ஆயிரம் பேர் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு ரயிலேற்றப்பட்டனர். கையில் ‘இஸட்’ எழுத்தும் எண்ணும் பச்சை குத்தப்பட்டன. 1944 ஆகஸ்டு 2-ந் தேதி இரவு, மிஞ்சியிருந்த சுமார் 4,300 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியோரும், விஷவாயுவுக்குப் பலியாயினர்.

இங்கே அப்படிப்பட்ட கொலைக்களம் இருந்ததில்லை. ஆனால் ரிஜிஸ்தர் இருந்தது.

1871-ல் வட இந்தியாவில் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சித்தூர் ஜில்லா அப்போது அந்த மாகாணத்தில் சேர்ந்தது. தமிழில் குறவர், தெலுங்கில் எருகுலர் என்று சொல்லப்படுவோர் அதில் சிக்கினர். (நரிக்குறவர் வேறு, குறவர் வேறு. பொதுஜனம் இன்றும் இருவரையும் ஒன்றாக்கி விடுகிறது.) கழுதைகளிலும் மாடுகளிலும் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக வியாபாரம் செய்தவர்கள் இவர்கள். ரயில் வந்தது, பிழைப்பு போயிற்று. அலைபவன் திருடன் என்று சர்க்கார் முடிவு கட்டியது. கைரேகை பதிய வேண்டும், குறித்த வேளையில் ஆஜராக வேண்டும், ஊர் மாறினால் தெரிவிக்க வேண்டும். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவும் சட்டம் இடம் கொடுத்தது. சீராலாவுக்கு அருகே ஸ்டூவர்ட்புரத்தில் சால்வேஷன் ஆர்மியின் பொறுப்பில் குடியிருப்பு அமைத்து அவர்களை வைத்தனர். ஊர்ப் பெயரே சென்னை சர்க்காரின் உயர் அதிகாரி ஹரால்டு ஸ்டூவர்ட்டின் பெயர்.

குற்றம் செய்தவனைத்தான் பேரேட்டில் எழுதுவார்கள் என்று நினைப்போம். இங்கே எழுதிய பிறகுதான் அவன் குற்றவாளி. எழுதியவர்களும் மாதச் சம்பளக் குமாஸ்தாக்களே.

சென்னை மாகாணம் 1947-ல் சட்டத்தை நீக்கியது. மற்ற இடங்களில் நீடித்தது. அதை ஆராய 1949-ல் மத்திய சர்க்கார் அமைத்த குழுவின் தலைவர் யார்? அலிபிரியிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லத்தக்க திருச்சானூரில் பிறந்த அனந்தசயனம் அய்யங்கார். பின்னாளில் லோக்சபை சபாநாயகரான அதே பெரியவர்தான். சட்டத்தை ரத்து செய்யச் சொல்லி அவர் குழு சிபாரிசு செய்தது. 1952 ஆகஸ்டு 31-ந் தேதி நாடு முழுவதும் ரத்தாயிற்று. திருப்பதியில் அவர் பெயர் அறிந்தவர் அநேகர். இந்தச் சங்கதி அறிந்தவர் சிலரே.

ரத்தானாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. ‘வழக்கமான குற்றவாளிகள்’ சட்டம் என்று வேறு தலைப்பில் கண்காணிப்பு வந்தது. ஜெர்மனியிலும் இதே கதைதான். முகாமிலிருந்து உயிர் தப்பியோர் நஷ்டஈடு கேட்டபோது, 1943-க்கு முன் நடந்தது இனப் பகை அல்ல, குற்றத் தடுப்பு என்று மேற்கு ஜெர்மனியின் உச்ச கோர்ட்டு 1956-ல் கைவிரித்தது. நடந்தது இனப்படுகொலையே என்று அந்நாட்டுப் பிரதமர் ஹெல்முட் ஷ்மிட் ஒப்புக்கொண்டது 1982-ல். அதற்குள் கேட்டவர்களில் பலர் காலமாகி விட்டனர்.

மணி விற்கும் நரிக்குறவருக்கு ஆந்திரத்தில் ‘நக்கல’ என்று பெயர். 2003-ன் திருத்தச் சட்டத்தால் இங்கே பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தனர். தமிழ்நாட்டில் அவர்கள் உறவினர் 2023 ஜனவரி வரை காத்திருக்க நேர்ந்தது. திருத்தணிக்கும் நகரிக்கும் நடுவே பஸ்ஸில் அரை மணிப் பயணம்.