அந்தரத்தாமரையின் வேர்கள் செய்யும் வேலை

இந்தத் தொட்டியில் மேலே மிதப்பது அந்தரத்தாமரை. குனிந்து, நீருக்குள் தொங்கும் வேர்க்கற்றையைப் பாருங்கள். மீன்கள் செவுள் வழியே வெளியேற்றும் அம்மோனியா அவற்றுக்கே நஞ்சு. இந்தச் செடிக்கு அது உரம். நுண்ணுயிரிகள் அம்மோனியாவை மாற்றி உண்டாக்கும் நைட்ரேட்டையும் இவ்வேர்கள் உறிஞ்சுகின்றன. இலைகள் காற்றில் இருப்பதால் கரியமில வாயுவுக்குப் பஞ்சமில்லை. அதனால் மூழ்கி வளரும் பல செடிகளைவிட இது வேகமாகப் பெருகும். சத்தும் ஒளியும் குறைவதால் பாசி அடங்கும். மீன்குஞ்சுகள் வேர்களுக்குள் பதுங்கிக்கொள்ளும்.

செடி அழுகினால் உறிஞ்சியதெல்லாம் நீருக்கே திரும்பும். பெருகியதை அள்ளி எடுக்கும்போதுதான் கழிவு உண்மையில் தொட்டியைவிட்டு நீங்குகிறது. நீர்ப்பரப்பு முழுவதும் மூடினால் பிராணவாயு கலப்பது குறையும்.

வீட்டில் வளர்ப்பவர்கள் மிகுந்த செடிகளை உரக்குழியில் போடுங்கள். ஏரியிலோ வாய்க்காலிலோ விட்டுவிடாதீர்கள்.