கரணையோடு வரும் தேமல்: திசு வளர்ப்பு எப்படி உதவும்?



சேலம், நாமக்கல் பகுதியில் குத்தகை நிலத்தில் மரவள்ளி வைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இலையில் மஞ்சள் தேமல் விழுந்து, கிழங்கு சிறுத்துப்போனால் பத்து மாத உழைப்பும் குத்தகைப் பணமும் வீண்.

தேமல் ஒரு வைரஸ் நோய். வெள்ளை ஈ அதைச் செடிக்குச் செடி பரப்புகிறது. ஆனால் பெரும்பாலும் நாமே கரணை மூலம் அதை வயலுக்குக் கொண்டுவருகிறோம். நோயுள்ள செடியில் வெட்டிய கரணையிலும் வைரஸ் இருக்கும். மருந்தடித்தால் ஈ குறையும். செடிக்குள் இருக்கும் வைரஸ் போகாது.

இங்குதான் திசு வளர்ப்பு உதவுகிறது. குருத்தின் நுனியில், அரை மில்லிமீட்டர் அளவுள்ள வளர்முனையை வைரஸ் பெரும்பாலும் எட்டுவதில்லை. அதை மட்டும் வெட்டியெடுத்து, கிருமி நீக்கிய கண்ணாடிக் குழாயில் வளர்க்கிறார்கள். குழாயில் மண் கிடையாது. நோன்பு நேரத்தில் நாம் காய்ச்சும் கடல்பாசிதான், சர்க்கரையும் தாது உப்புகளும் சேர்த்து அங்கே செடியைத் தாங்குகிறது. வளர்ந்த செடியில் வைரஸ் இல்லை என்று சோதித்தபின், கணு கணுவாக வெட்டி வேறு குழாய்களில் வைப்பார்கள். சில வாரங்களில் ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகும். உருளைக்கிழங்கு விதைக்கும் இதே முறைதான். பிறகு நிழல்வலைக்குள் வைத்து, வெளிக்காற்றுக்குப் பழக்கி நடவுக்குத் தருவார்கள்.

இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். அப்படிக் கிடைத்த நல்ல செடியைப் பெருக்குவதை நாமே செய்யலாம். திருவனந்தபுரத்தில் 1963-ல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இதற்கு எளிய வழி சொல்கிறது. இரண்டு கணு உள்ள சிறு கரணைகளை நிழல்வலை நாற்றங்காலில் 3 முதல் 4 வாரம் வளர்த்து நட வேண்டும். வழக்கமாக ஒரு செடியிலிருந்து 10 செடி வரும். இதில் 60 வரை வரும். தேமல் தெரியும் நாற்றை அங்கேயே பிடுங்கி அழித்துவிடலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். திசு வளர்ப்புச் செடிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி தனியாக வந்துவிடாது. பக்கத்து வயலில் தேமல் இருந்தால் வெள்ளை ஈ மூலம் மறுபடியும் வரும். அதனால் அக்கம்பக்கத்தார் சேர்ந்து செய்தால்தான் பலன். நோய் தாங்கும் ரகங்கள், நல்ல கரணை பற்றி ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள்.

கரணை விற்பவர்களும், உறவினருக்குச் சும்மா கொடுப்பவர்களும் தேமல் இல்லாத செடியில் மட்டும் வெட்டுங்கள். குறையை மறைத்து விற்பது ஹலாலான வியாபாரம் ஆகாது. அறுவடைக்கு முன்பே, இலை சுத்தமாக உள்ள செடிகளில் துணி கட்டி அடையாளம் வையுங்கள். அடுத்த பட்டத்துக்கு அவையே விதை, இன்ஷா அல்லாஹ்.